வயிறு இறுக: மலையகத்தில் புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

தேயிலை மலையில் ஏறி இறங்கி வேலை செய்கிறவர்களுக்கு எதற்குத் தனியாக உடற்பயிற்சி என்று பலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனாலும் கையும் காலும் ஒல்லியாக இருக்க, வயிறு மட்டும் முன்தள்ளி நிற்கிற ஆண்களையும் பெண்களையும் ஹட்டன், மஸ்கெலியா, பதுளை என்று எந்தப் பக்கம் போனாலும் காணலாம். மலையில் கால்கள் நாள் முழுக்க உழைக்கின்றன. வயிற்றுச் சுவருக்கு அந்த உழைப்பில் பங்கு குறைவு. தட்டிலோ மாவும் சீனியும் நிறைய, புரதம் கொஞ்சம். இப்படிப்பட்டவரிடம் சாப்பாட்டைக் குறைக்கச் சொன்னால் கையும் காலும் இன்னும் மெலியும், வயிறு அப்படியே இருக்கும். அவருடைய தட்டில் மாவும் சீனியும் குறைந்து, அந்த இடத்துக்குப் புரதமும் மரக்கறியும் வர வேண்டும். அதோடு வயிற்றுத் தசைக்கு அதற்குரிய வேலையைக் கொடுக்க வேண்டும். இந்தக் கட்டுரையில் வரும் மற்றதெல்லாம் இந்த இரண்டையும் செய்து முடிக்கும் வழிகள்தான்.

முதலில், எந்த வயிறு?

தள்ளிய வயிறெல்லாம் ஒன்றல்ல. மூன்று சோதனைகள் செய்து பாருங்கள்.

நேராக நின்று, தொப்புளுக்கு இரண்டு விரல் தள்ளி, தோலைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளிப் பிடியுங்கள். தடிப்பாகக் கையில் வந்தால் அது தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பு. வயிறு பெரிதாக இருந்தும் கிள்ள அதிகம் வரவில்லை, தொட்டால் கெட்டியாக இருக்கிறது என்றால் கொழுப்பு உள்ளே, குடலையும் ஈரலையும் சுற்றி இருக்கிறது. நீரிழிவையும் இருதய நோயையும் கொண்டு வருவது பெரும்பாலும் இந்த உள்கொழுப்பு. நல்ல செய்தி என்னவென்றால், சாப்பாட்டை மாற்றி நடக்கத் தொடங்கியதும் முதலில் கரைவதும் இதுவே.

அடுத்து மல்லாந்து படுத்து, முழங்காலை மடித்து, தலையை மட்டும் மெல்லத் தூக்குங்கள். தொப்புளுக்கு மேலும் கீழும் நடுக்கோட்டில் ஒரு மேடு எழும்பினாலோ, விரல்கள் உள்ளே இறங்கும் இடைவெளி தெரிந்தாலோ, இரு பக்கத் தசைகளும் விலகியிருக்கின்றன. பிள்ளை பெற்ற பெண்களிடம் இது சாதாரணம். பெரிய தொப்பை உள்ள ஆண்களுக்கும் வரும்.

மூன்றாவது, காலையில் எழுந்ததும் ஒரு தடவையும் இரவு படுக்கப் போகும்போது ஒரு தடவையும் இடுப்பை அளந்து பாருங்கள். கொழுப்பு ஒரு பகலில் கூடிக் குறையாது. வித்தியாசம் பெரிதாக இருந்தால் வாயு, மலச்சிக்கல், வேகாத கடலை போன்றவைதான் காரணம்.

வயிறு சில கிழமைகளில் திடீரென்று பெருத்தால், காலும் சேர்ந்து வீங்கினால், கண் மஞ்சளித்தால், இருமும்போது தொப்புளிலோ தொடை இடுக்கிலோ கட்டி போல எழும்பினால், பயிற்சியைத் தொடங்க வேண்டாம். தோட்டத்து டிஸ்பென்சரியில் காட்டி, அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பிரஷர், இருதய நோய் உள்ளவர்களும், சீனி வியாதிக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களும் வைத்தியரிடம் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும். மருந்து எடுக்கும் ஒருவர் மாவையும் சீனியையும் சட்டென்று குறைத்தால், இரத்தத்தில் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம்.

அளவெடுப்பது

தராசு தேவையில்லை. தையல்காரர் வைத்திருக்கும் டேப் போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே டேப்பைச் சுற்றி, இயல்பாக மூச்சை விட்டு முடித்த கணத்தில் அளவு பாருங்கள். வயிற்றை உள்ளே இழுக்கக் கூடாது, டேப் தோலை அமுக்கக் கூடாது. தெற்காசிய உடல்வாகுக்கு ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் என்பது எல்லை. அதைத் தாண்டினால் நோய்க்கான ஆபத்து கூடுகிறது.

டேப்பும் இல்லையா? உங்கள் உயரத்துக்கு ஒரு கயிறு வெட்டி, அதைச் சரிபாதியாக மடித்து இடுப்பைச் சுற்றுங்கள். இரண்டு முனையும் சந்தித்தால் சரி. சந்திக்காவிட்டால் குறைக்க வேண்டும்.

தினமும் அளந்தால் மனம் சோரும். பௌர்ணமிக்கு ஒரு தடவை, அமாவாசைக்கு ஒரு தடவை என்று வைத்துக்கொள்ளுங்கள். கலண்டரே ஞாபகப்படுத்தும். இரண்டு நாளும் காலையில், வெறும் வயிற்றில், கழிவறைக்குப் போய் வந்த பிறகு அளந்து, அந்தக் கலண்டரிலேயே எழுதிவையுங்கள்.

தட்டில்தான் முக்கால்வாசி வேலை

வயிற்றுப் பயிற்சி எத்தனை செய்தாலும் வயிற்றுக் கொழுப்பு மட்டும் தனியாகக் கரையாது. உடல் எந்த இடத்துக் கொழுப்பை எடுக்க வேண்டும் என்பதை நாம் தீர்மானிக்க முடியாது. செலவழிப்பதைவிடக் கொஞ்சம் குறைவாகச் சக்தி உள்ளே போனால் உடம்பு முழுவதிலும் குறையும், வயிற்றிலும் குறையும். ஒரு நாளைக்கு 300 முதல் 400 கலோரி குறைந்தால் போதும். அதற்கு மேல் போனால் மலையில் நிற்க முடியாமல் தலை சுற்றும்.

அந்த 300 கலோரி எங்கே ஒளிந்திருக்கிறது?

தேத்தண்ணியில். மட்டமாக எடுத்த ஒரு தேக்கரண்டிச் சீனி 4 கிராம், 16 கலோரி. நம் வீடுகளில் யாரும் மட்டமாக எடுப்பதில்லை. குவித்து எடுத்தால் ஒரு கரண்டியே 6 கிராம், 24 கலோரி வரும். ஒரு நாளைக்கு ஆறு கோப்பை, கோப்பைக்கு இரண்டு கரண்டி என்றால் கிட்டத்தட்ட 290 கலோரி சீனியிலிருந்து மட்டும் வருகிறது. ஒரே நாளில் நிறுத்தினால் மூன்றாம் நாள் பழையபடி ஆகிவிடும். அதனால் முதல் கிழமை கோப்பைக்கு ஒன்றரைக் கரண்டி, அடுத்த கிழமை ஒன்று, அதற்கடுத்து மட்டமான ஒன்று, பிறகு அரை என்று இறங்குங்கள். நாக்கு ஒரு மாதத்தில் பழகிவிடும். சீனியைக் கையில் வைத்துக்கொண்டு வெறும் சாயம் குடிப்பவர்கள் கையில் எடுப்பது எவ்வளவு என்று ஒரு தடவை கரண்டியால் அளந்து பார்க்க வேண்டும். இஞ்சி தட்டிப் போட்டால் இனிப்பு குறைந்தது அவ்வளவாகத் தெரியாது.

தேத்தண்ணி பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்தை உடல் உறிஞ்ச முடியாமல் சாயம் தடுக்கிறது. இரத்தக் குறைவு உள்ள பெண்ணுக்குப் படியேறவே மூச்சு வாங்கும், பயிற்சி எப்படி நடக்கும்? சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். கீரைக்குத் தேசிக்காய்ப் புளி விட்டுச் சாப்பிடுங்கள், இரும்பு நன்றாகச் சேரும்.

அடுத்தது ரொட்டி. ஒரு தோட்டத்து ரொட்டிக்குக் கோதுமை மா 100 கிராம் பிடிக்கும் என்று வைத்தால் அதுவே 350 கலோரி. தேங்காய்ப்பூவும் சம்பலும் தனி. அதில் புரதம் 10 கிராம்தான். காலையில் இரண்டு, மலைக்குக் கட்டிக்கொண்டு போவது இரண்டு என்றால் பசி அடங்கும், தசைக்கு ஒன்றும் மிஞ்சாது. ரொட்டியை விடச் சொல்லவில்லை. இரண்டு சாப்பிடும் இடத்தில் ஒன்றரை வைத்து, கூடவே ஒரு அவித்த முட்டையோ கெட்டியான பருப்புக் கறியோ வையுங்கள். அரை ரொட்டி குறைந்ததில் 175 கலோரி போய், முட்டையில் 70 கலோரியும் 6 கிராம் புரதமும் வருகின்றன. பதினொரு மணிக்கே வரும் பசியும் தள்ளிப்போகும்.

மாவில் மூன்றில் ஒரு பங்கு குரக்கன் மா கலக்கலாம். அதற்கு மேல் கலந்தால் ரொட்டி வெடிக்கும். குரக்கனில் கோதுமையைப் போன்ற பசைத்தன்மை கிடையாது. சுடுதண்ணீர் விட்டுப் பிசைந்து 20 நிமிடம் மூடி வைத்துத் தட்டினால் நன்றாக வரும். துருவிய கரட், நறுக்கிய முருங்கைக்கீரை, வல்லாரை எது சேர்த்தாலும் அதே அளவு மாவுக்கு ரொட்டி பெரிதாகும்.

புரதம் எவ்வளவு வேண்டும்? உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை. 55 கிலோ உள்ளவருக்கு நாளைக்கு 55 முதல் 65 கிராம். இது இறைச்சி இல்லாமலே கிடைக்கும். காலை ஒரு ரொட்டியும் முட்டையும் 16 கிராம். பகல் சோறும் காய்ந்த அளவில் 30 கிராம் பருப்பும் 15 கிராம். பின்னேரம் 40 கிராம் கடலை ஊறவைத்து அவித்தால் 8 கிராம். இரவுச் சாப்பாட்டோடு 25 கிராம் நெத்தலிக் கருவாடு சேர்ந்தால் இன்னும் ஒரு 20 கிராம் அளவுக்கு வரும். சோயா மீட் காய்ந்த எடையில் ஏறக்குறைய பாதி புரதம். மாதக் கடைசியில் கை இறுகும்போது அதுவே நல்ல துணை. கருவாட்டில் உப்பு அதிகம். கால் மணி நேரம் சுடுதண்ணீரில் போட்டு, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, கறிக்கு வேறு உப்புப் போடாமல் சமையுங்கள்.

கடலை, கவுப்பி, பட்டாணி விஷயத்தில் மலைநாட்டுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும். கொழும்பில் முக்கால் மணியில் வேகும் கடலை இங்கே வேகாது. அரைவேக்காட்டில் சாப்பிட்டால் வாயு கட்டி வயிறு உப்பும், பிறகு கடலையே ஒத்துவராது என்று விட்டுவிடுவோம். இரவு முழுக்க ஊறவையுங்கள், ஊறிய தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், பிரஷர் குக்கரில் வேகவையுங்கள். குக்கர் இல்லாவிட்டால் விரலால் அமுக்கினால் மசியும் வரை அடுப்பில் விடுங்கள். ஒருநாளும் கடலை சாப்பிட்டுப் பழகாதவர் ஒரு கைப்பிடியில் தொடங்க வேண்டும்.

பகல், இரவுச் சாப்பாட்டில் தட்டின் பாதி மரக்கறியாக இருக்கட்டும். கால்பங்கு சோறோ ரொட்டியோ, மீதிக் கால்பங்கு பருப்பு, முட்டை, மீன். கோவா, போஞ்சி, லீக்ஸ், கரட், நோக்கோல் எல்லாம் நம் மண்ணில் விளைந்து லொறியேறிக் கொழும்புக்குப் போகின்றன. விளைந்த ஊரின் தட்டில் அவை ஒரு கரண்டியோடு நிற்பது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. லயத்துக்குப் பின்னால் நாலடி இடம் இருந்தாலும் கீரை போடலாம். உருளைக்கிழங்கை மட்டும் மரக்கறிக் கணக்கில் சேர்க்காதீர்கள். சோற்றோடு கிழங்குக் கறி என்றால் சோற்றில் இரண்டு கைப்பிடி குறைய வேண்டும்.

ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய் 120 கலோரி. போத்தலிலிருந்து நேரே சட்டிக்குச் சரிக்காமல் கரண்டியால் அளந்து ஊற்றினாலே பாதி மிச்சமாகும். நாலு பேருள்ள வீட்டுக்கு ஒரு நாளைக்கு அரைத் தேங்காய் போதும். கடையில் தேத்தண்ணியோடு எடுக்கும் ரோல்ஸ், வடை, பணிஸ் எல்லாம் கிழமைக்கு ஒரு நாளோடு நிற்கட்டும். இனிப்புச் சோடாவைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை: வேண்டாம்.

சாராயம் குடிப்பவர்கள் வயிறு குறையவில்லையே என்று கேட்டால் உண்மையைச் சொல்லியாக வேண்டும். ஒரு கால் போத்தல் சாராயத்தில் ஏறத்தாழ 350 கலோரி இருக்கிறது. அதில் புரதம் ஒரு துளியும் இல்லை. கூடவே பொரித்த கருவாடும் மிக்சரும் போகும். அதை நிறுத்தினால் வேறு எதையும் மாற்றாமலே பலருக்கு இடுப்பு இறங்கும்.

இரவுச் சாப்பாடு இன்னொரு பொறி. மலையில் பகல் சாப்பாடு அவசரமாக முடிகிறது, வீட்டுக்கு வந்து சமைத்து எட்டு ஒன்பது மணிக்குப் பெரிய கோப்பையில் சோறு, உடனே குளிருக்குப் போர்த்திக்கொண்டு தூக்கம். பின்னேரம் ஐந்து மணிக்கு அவித்த கடலை ஒரு கிண்ணம் சாப்பிட்டுவிட்டால் இரவுச் சோறு தானாகவே சுருங்கும். படுக்கைக்கு இரண்டு மணி நேரம் முன்னே சாப்பிட்டு முடிக்கப் பாருங்கள். ஏழு மணி நேரத் தூக்கத்தையும் விட்டுக்கொடுக்காதீர்கள். தூக்கம் கெட்டால் மறுநாள் இனிப்பைத் தேடும் பசி கூடும்.

தரையில் செய்யும் பயிற்சி

ஆறடி நீளம், மூன்றடி அகலம் இருந்தால் போதும். சிமெந்துத் தரை குளிரும். சாக்கையோ பிளாஸ்டிக் பாயையோ விரித்து, அதன் மேல் கம்பளியை இரண்டாக மடித்துப் போடுங்கள். விறகடுப்புப் புகை நிற்கும்போது செய்யாதீர்கள், கதவைத் திறந்து வையுங்கள். சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது போயிருக்க வேண்டும். கிழமைக்கு மூன்று நாள், நடுவில் ஒரு நாள் இடைவெளி, ஒவ்வொரு தடவையும் 20 முதல் 25 நிமிடம்.

குளிரில் தசை விறைத்திருக்கும். ஐந்து நிமிடம் நின்ற இடத்திலேயே முழங்காலைத் தூக்கி நடந்து, தோளையும் இடுப்பையும் சுழற்றி, உடம்பில் சூடு ஏறிய பிறகே தரைக்குப் போங்கள்.

*முதற் பாடம், ஊதல்.* மல்லாந்து படுத்து முழங்காலை மடியுங்கள். ஒரு கை தொப்புளுக்குக் கீழே இருக்கட்டும். மூக்கால் மூச்சை இழுத்து, ஊதுகுழலால் அடுப்பு ஊதுவதைப் போல உதட்டைக் குவித்து நீளமாக ஊதுங்கள். ஊதி முடியும்போது கைக்கு அடியில் வயிறு தானாக இறுகும். அந்த இறுக்கத்தை விடாமல் சின்னச் சின்னதாக மூச்சு எடுக்கப் பழகுங்கள். எட்டுத் தடவை. பலர் இதை அற்பமாக நினைத்துத் தாண்டிவிடுகிறார்கள். அடுத்து வரும் ஒவ்வொரு பயிற்சியும் இந்த இறுக்கத்தின் மேல்தான் நிற்கிறது.

*குதிகால் தொடல்.* அதே நிலையில் இரண்டு காலையும் தூக்கி, தொடை நிமிர்ந்தும் கெண்டைக்கால் தரைக்குச் சமாந்தரமாகவும் வையுங்கள். ஊதிக்கொண்டே ஒரு காலை இறக்கிக் குதிகாலால் தரையைத் தொட்டுத் திரும்புங்கள், பிறகு மற்றக் கால். பக்கத்துக்கு எட்டு. கீழ் முதுகு தரையை விட்டு எழும்பினால் வயிறு வேலை செய்யவில்லை, முதுகுதான் பாரம் சுமக்கிறது. அப்போது காலைப் பாதி தூரம் மட்டும் இறக்குங்கள்.

*பாலம்.* இரண்டு பாதமும் தரையில். குதிகாலை அழுத்தி இடுப்பைத் தூக்கி, தோள் முதல் முழங்கால் வரை ஒரே கோடாக்குங்கள். இரண்டு விநாடி நிறுத்தி இறக்குங்கள். பன்னிரண்டு தடவை. தொடையின் பின்பக்கம் பிடித்தால் பாதத்தை உடலுக்குக் கிட்டக் கொண்டு வாருங்கள்.

*நாற்கால் நீட்டல்.* கையும் முழங்காலும் ஊன்றி, வலது கையையும் இடது காலையும் நீட்டி ஐந்து விநாடி நில்லுங்கள், பிறகு மாற்றுங்கள். பக்கத்துக்கு ஆறு. காலை இடுப்புக்கு மேலே தூக்குவதுதான் இதில் எல்லோரும் செய்யும் பிழை. உயரம் வேண்டாம், நீளம் வேண்டும். முதுகின் மேல் ஒரு தண்ணீர்க் கோப்பை வைத்தால் சிந்தக் கூடாது.

*பிளாங்க்.* எல்லோரும் இதில்தான் தொடங்குகிறார்கள், இதில்தான் முதுகைக் கெடுத்துக்கொள்கிறார்கள். முதல் இரண்டு கிழமை தரைக்குப் போக வேண்டாம். சுவரிலோ, வாசற்படியிலோ, அசையாத வாங்கிலோ கையை ஊன்றி, குதிகால் முதல் தலை வரை நேராக நில்லுங்கள். 15 விநாடி, மூன்று தடவை, நடுவே அரை நிமிடம் ஓய்வு. 30 விநாடி சுலபமாக வந்ததும் இன்னும் தாழ்வான படிக்கு இறங்குங்கள், கடைசியாகத் தரையில் முழங்கையில் ஊன்றுங்கள். இடுப்பு தொய்ந்தால், மூச்சு அடங்கினால், கீழ் முதுகில் வலி எடுத்தால் அந்தத் தடவை அத்தோடு சரி. உடம்பு வளைந்தபடி இரண்டு நிமிடம் நிற்பதைவிட நேராக நிற்கும் இருபது விநாடி மேல்.

இவற்றோடு கதிரையில் உட்கார்ந்து எழும்பும் குந்துதல் பத்து, சுவரைத் தள்ளும் தண்டால் பத்து. தொடையும் மார்பும் பெரிய தசைகள். அவை வேலை செய்தால்தான் செலவாகும் சக்தி கூடும்.

படுத்து எழும்பும் பழைய சிட்-அப் எங்கே என்று கேட்பீர்கள். தொடக்கத்தில் வேண்டாம். அதில் முதுகெலும்பு திரும்பத் திரும்ப மடிகிறது, கழுத்தைக் கையால் இழுக்கிறோம், பாதி வேலையைத் தொடையின் மேற்பகுதித் தசையே செய்துவிடுகிறது. வயிற்றுச் சுவரின் முதல் கடமை நடுவுடலை அசையாமல் பிடிப்பது. மேலே சொன்ன பயிற்சிகள் அதைத்தான் பழக்குகின்றன.

முதல் இரண்டு கிழமை ஒவ்வொன்றும் ஒரு சுற்று. மூன்றாம் கிழமையிலிருந்து இரண்டு சுற்று. ஏழாம் கிழமையில் மூன்று சுற்று, அது பழகிய பிறகு குந்தும்போது கையில் மூன்று நான்கு கிலோ அரிசிப் பை. குதிகால் தொடலில் காலை முழுக்க நீட்டி இறக்கலாம். ஒரே நேரத்தில் இரண்டைக் கூட்டாதீர்கள்.

கொழுந்து எடுப்பவருக்கும் உட்கார்ந்து வேலை செய்பவருக்கும்

நாள் முழுக்கச் சரிவில் நின்று கொழுந்து எடுத்து, பாரம் சுமந்து வந்தவருக்கு அன்று நடை தேவையில்லை. அவருடைய முதுகும் கழுத்தும் ஏற்கெனவே களைத்திருக்கின்றன. வேலை நாளில் பின்னேரம் பத்து நிமிடம் ஊதல், பாலம், நாற்கால் நீட்டல் மட்டும். ஞாயிற்றுக்கிழமையும் வேலையில்லாத இன்னொரு நாளும் முழுப் பயிற்சி. பாரத்தைத் தூக்கும்போது இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடித்து, ஊதலில் பழகிய இறுக்கத்தோடு தூக்கினால் அதுவும் பயிற்சியாகிவிடும்.

தையல் மெஷின், கடைக் கல்லா, ஒபிஸ் மேசை, ஆட்டோ என்று உட்கார்ந்தே இருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. உலக சுகாதார அமைப்பு சொல்வது கிழமைக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான அசைவு, அதோடு இரண்டு நாள் தசைப் பயிற்சி. ஐந்து நாள், நாளுக்கு அரை மணி நேர நடை. சமவெளிக்காரருக்குக் கிடைக்காத ஏற்றம் நமக்கு வாசலிலேயே இருக்கிறது. ஏறும்போது குட்டி அடிகள், பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுவே சரியான வேகம். இறங்கும்போதுதான் முழங்காலுக்குச் சேதம். முழங்காலைச் சற்று மடக்கி, சரிவில் குறுக்காக, மெதுவாக இறங்குங்கள்.

பாசி பிடித்த படியில் இரப்பர் செருப்போடு நடக்காதீர்கள். கென்வஸ் சப்பாத்து போடுங்கள். வெளிச்சம் வந்த பிறகு, ஒருவராவது கூட வர, நடங்கள். விடியற்காலையிலும் இருட்டிலும் தேயிலைக்குள் சிறுத்தை நடமாடும் இடங்கள் உண்டு. குளவிக்கூடு உள்ள மரத்தடி வழியை மாற்றுங்கள். பனிமூட்டத்தில் ரோட்டில் நடப்பதானால் வெள்ளை உடுப்பு. மழை விடாத நாட்களில் வீட்டு வாசற்படி ஒன்றில் பத்து நிமிடம் ஏறி இறங்கினாலே நெஞ்சு வேலை செய்யும்.

பிள்ளை பெற்றவர்கள்

சுகப்பிரசவமானால் ஊதலை உடம்பு இடம் கொடுக்கும்போது, சில நாட்களிலேயே தொடங்கலாம். மற்றப் பயிற்சிகள் ஆறு கிழமைக்குப் பிறகு. சிசேரியன் என்றால் வைத்தியர் காயத்தைப் பார்த்துச் சொன்ன பிறகே. நடுக்கோட்டில் மேடு எழும்புவது நிற்கும் வரை பிளாங்க் வேண்டாம், ஊதலும் பாலமும் குதிகால் தொடலின் பாதித் தூரமும் போதும். இரண்டு மாதம் கழித்தும் இடைவெளியில் இரண்டு விரலுக்கு மேல் இறங்கினால், இருமும்போது சிறுநீர் கசிந்தால், வெட்கப்படாமல் மருத்துவிச்சியிடம் சொல்லுங்கள். அதற்குச் சிகிச்சை உண்டு.

வயிற்றைச் சீலையால் கட்டினால் நிற்கவும் நடக்கவும் தெம்பாக இருக்கும். ஆனால் கட்டு தசையை வளர்க்காது. மூச்சு முட்ட இறுக்கினால் அழுத்தம் கீழே போய்க் கர்ப்பப்பையைத் தாங்கும் தசைகளைத் தளர்த்தும். பால் கொடுக்கும் மாதங்களில் சாப்பாட்டைக் குறைக்கவே வேண்டாம். உங்களுக்கென்று தரும் திரிபோஷ சத்துமாவை நீங்களே சாப்பிடுங்கள், வீட்டிலுள்ள எல்லோருக்கும் பங்கு வைத்துவிடாதீர்கள்.

துணையும் சொல்லும்

பயிற்சி தெரியாமல் நிறுத்துகிறவர் குறைவு. தனியாகப் போராடிச் சோர்ந்து நிறுத்துகிறவரே அதிகம். மூன்றாம், நான்காம் கிழமைதான் ஆபத்தான இடம்: உடம்பு வலி போய்விட்டது, மாற்றமோ கண்ணுக்குத் தெரியவில்லை. அதற்கு முன்பே ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். "அக்கா, சாயந்தரம் கோயில் வரைக்கும் நடந்துட்டு வருவமா?" என்று பக்கத்து வீட்டில் கேட்பதோடு தொடங்கலாம். இருவர் நடந்தால் நாலு பேர் சேர்வார்கள். பெண்கள் தனியாக நடக்கத் தயங்கும் இடத்தில் இந்தக் கூட்டமே பாதுகாப்பு.

சமைப்பவரைச் சேர்க்காமல் சாப்பாடு மாறாது. தனிச் சமையல் கேட்டு அம்மாவுக்கோ மனைவிக்கோ இன்னொரு வேலை வைக்காதீர்கள். கணவர் தேங்காய் திருவட்டும், கீரை ஆயட்டும். அதே சட்டிதான், உங்கள் தட்டில் அளவு மட்டும் வேறு.

கேலி யாரையும் மெலிய வைத்ததில்லை. தொப்பை என்று கூப்பிட்டுக் கூப்பிட்டே ஒரு பிள்ளையை விளையாட்டு மைதானத்திலிருந்து விரட்டிவிடலாம். பாராட்டும்போதும் உருவத்தைப் பாராட்டாமல் செய்ததைப் பாராட்டுங்கள். "இந்தக் கிழமை மூணு நாளும் விடாம செஞ்சிட்டியே தம்பி" என்ற ஒரு சொல் அடுத்த கிழமைக்கும் அவனைக் கொண்டு வரும்.

தோட்டத்தில் முழுநாள் வேலைக்கு முழுப்பேர், அரைநாளுக்கு அரைப்பேர் என்பார்களே, அதுபோல முழுப்பேர் போட முடியாத நாளில் அரைப்பேராவது போடுங்கள்: ஐந்து நிமிட ஊதலும் பாலமும் போதும். அடுத்தடுத்து இரண்டு தடவை விடக் கூடாது என்பது மட்டுமே கட்டாயம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அம்மன் திருவிழாவுக்கும் மனம் நிறையச் சாப்பிடுங்கள். மறுநாள் பட்டினி கிடக்காமல் வழக்கமான தட்டுக்குத் திரும்புங்கள்.

கொழுப்பைக் கரைப்பதாக விற்கும் பெல்ட்டுக்கும் மாத்திரைக்கும் பொடிக்கும் காசு கொடுக்காதீர்கள். பெல்ட் வியர்வையை மட்டும் எடுக்கும், தண்ணீர் குடித்ததும் அளவு திரும்பிவிடும். அந்தப் பணத்துக்கு ஒரு மாத முட்டை வாங்கலாம்.

பன்னிரண்டு கிழமையில் என்ன எதிர்பார்க்கலாம்

நாளுக்கு 350 கலோரி குறைந்தால் மாதத்துக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல் இறங்கும். ஒரு கிலோவுக்கு இடுப்பில் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர். ஆக மூன்று மாதத்தில் மூன்று நான்கு சென்டிமீட்டர். கேட்கச் சிறிதாக இருக்கும், ஆனால் உடுப்பில் நன்றாகத் தெரியும். முதுகு வலி குறைவதும் படியேறும்போது மூச்சு இறைக்காததும் அதற்கும் முன்பே வரும். படங்களில் காணும் கட்டுக் கட்டான வயிறு உடம்பில் கொழுப்பு மிகக் குறைந்தால்தான் வெளியே தெரியும். பெண்கள் அந்த அளவுக்கு இறங்கினால் மாதவிடாயே நின்றுபோகலாம். அதை இலக்காக வைக்க வேண்டாம்.

ஒல்லியான கைகால் உள்ளவருக்கு எடை அப்படியே நின்று இடுப்பு மட்டும் குறையலாம். தசை கூடிக் கொழுப்பு குறைகிறது என்று அர்த்தம், அதுதான் வேண்டும்.

ஆறு கிழமையாகியும் டேப் அசையவில்லை என்றால் மூன்றைச் சரிபாருங்கள்: சீனிக்கரண்டி மறுபடியும் குவிகிறதா, இரவுச் சோறு பழைய கோப்பைக்குத் திரும்பிவிட்டதா, பிள்ளைகள் மிச்சம் வைத்ததை வீணாகிறதே என்று நீங்கள் சாப்பிடுகிறீர்களா. மூன்றும் சரியாக இருந்தும் மாற்றமில்லை, களைப்பும் கூடவே இருக்கிறது என்றால் இரத்தத்தில் சீனியும் தைரொய்ட்டும் பார்க்க வேண்டும். 35 வயதைத் தாண்டியவர்களுக்கு அரச வைத்தியசாலைகளிலுள்ள ஹெல்தி லைஃப்ஸ்டைல் சென்டரில் பிரஷரும் சீனியும் எடையும் இலவசமாகப் பார்ப்பார்கள். பரிசோதனைக்குப் போகிற காலையில் தேத்தண்ணி கூடக் குடிக்காமல், கலண்டரில் எழுதிய இடுப்பு அளவுகளையும் எடுத்துக்கொண்டு போங்கள்.